கண்ணை எடுத்த பிறகு ஈரலைப் பார்க்க வேண்டும்

கண்ணில் வந்த புற்றுநோய்க்கு எதற்கு வயிற்றை ஸ்கேன் எடுக்கிறார்கள்? என் அத்தாவை (அப்பாவை) பார்க்க வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு இதைக் கேட்கிறார்கள். கேட்காதவர்கள், "அதான் கண்ணையே எடுத்தாச்சே, இன்னும் என்னத்துக்கு ஆஸ்பத்திரிக்கு அலையிறீக?" என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அப்படி நினைப்பது இயல்புதான். கட்டி இருந்த இடத்தையே எடுத்தாகிவிட்டது, தையலும் ஆறிவிட்டது, மனிதர் கடைக்குப் போய்த் தையல் மிஷினில் உட்கார்ந்துவிட்டார். பிறகு என்ன?

இந்தப் ‘பிறகு’ பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் மதுரையில் ஒரு சின்ன லேபில் டெக்னீஷியன். டாக்டர் இல்லை. ரத்தம் எடுப்பது, மிஷினில் ஓட்டுவது, ரிப்போர்ட் அடித்துக் கொடுப்பது என் வேலை. அத்தாவின் ரத்தத்தையும் நான்தான் எடுக்கிறேன். டாக்டர்களிடம் கேட்டது, படித்தது, என் வேலையில் கண்டது எல்லாம் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். இதே நோயோடு இன்னொரு குடும்பம் தேடும்போது தமிழில் கொஞ்சமாவது கையில் கிடைக்கட்டும்.

அத்தா தையல்காரர். புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவே மிஷின் போட்டிருந்தவர். அங்கிருந்த கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியபோது அவரும் மாறினார். சித்திரைத் திருவிழாவில் அழகருக்கு நேர்ந்துகொண்டவர்கள் போடுகிற வேஷ உடைகள் அந்தத் தையல்காரர்கள் கையில்தான் உருவாகின்றன. எங்களைப் போன்ற முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறைகளாகச் செய்துவருகிற வேலை. பட்டை வைத்து ஜரிகை ஓட்டுவதற்குக் கண் தீர்க்கமாக இருக்க வேண்டும். அதனாலேயே பார்வையில் ஏதோ மாறுகிறது என்பது அவருக்குச் சீக்கிரம் தெரிந்துவிட்டது. இடது கண்ணின் ஓரத்தில் ஒரு திரை தொங்குகிற மாதிரி இருக்கிறது என்றார். அறுபதைத் தாண்டியவர், சர்க்கரையும் உண்டு. புரையாக இருக்கும் என்றுதான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

மதுரைக்காரர்களுக்கு ‘கண் ஆபரேஷன்’ என்றால் புரை ஆபரேஷன்தான். 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி அண்ணா நகரில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தில் கோணிப்போன விரல்களோடு ஆயிரக்கணக்கான கண்களுக்கு ஆபரேஷன் செய்தவர் அவர். அன்றிலிருந்து கிராமம் கிராமமாக முகாம் போட்டு, பஸ்ஸில் ஏற்றிவந்து, லென்ஸ் வைத்து, மறுநாள் கட்டைப் பிரித்தால் பேரப்பிள்ளை முகம் தெரியும் என்கிற நம்பிக்கை இந்தப் பக்கத்து ஜனங்களிடம் ஊறிப்போயிருக்கிறது. அந்த நம்பிக்கை நியாயமானது, சம்பாதித்த நம்பிக்கை. ஆனால் பார்வையைத் திருப்பிக் கொடுக்கிற ஆபரேஷனுக்கே பழகிய ஊரில், கண்ணையே எடுக்கிற ஆபரேஷன் என்று ஒன்று இருப்பதை ஒரு குடும்பத்துக்குச் சொல்லிப் புரியவைப்பது எவ்வளவு கஷ்டம் என்று நான் பார்த்திருக்கிறேன்.

சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்துப் பார்த்ததுமே டாக்டரின் முகம் மாறியது. அப்புறம் பி ஸ்கேன். இமை மேல் ஜெல் தடவி எடுக்கிற அல்ட்ராசவுண்டுதான், வலி கிடையாது. திரையில் காளான் வடிவத்தில் ஒரு கட்டி தெரிந்தது. உயரம் 10 மில்லிமீட்டருக்கு மேல். அதைச் சுற்றி விழித்திரை பிரிந்து தூக்கிக்கொண்டிருந்தது. அத்தா சொன்ன தொங்குகிற திரை அதுதான்.

விழித்திரைக்குப் பின்னால் ரத்தக் குழாய்கள் நிறைந்த ஒரு படலம் இருக்கிறது. கோராய்டு என்கிறார்கள். அதில் கருநிறம் தருகிற மெலனின் செல்கள் உண்டு. அவை கட்டுமீறிப் பெருகுவதுதான் கண்ணுக்குள் வரும் மெலனோமா. பெரியவர்களுக்குக் கண்ணுக்குள்ளேயே உருவாகும் புற்றுநோய்களில் இதுதான் அதிகம் என்றாலும், மொத்தத்தில் மிக அரிது. வெள்ளையர் அதிகமுள்ள நாடுகளிலேயே பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஐந்தாறு பேருக்கு வருகிறது. ஆசியர்களிடம் அதைவிடக் குறைவு. பலருக்கு அறிகுறியே இருக்காது. கண்ணாடி மாற்றவோ சர்க்கரைக்காகவோ பாப்பாவை விரித்துப் பார்க்கும்போது தற்செயலாகத் தெரியவரும். சர்க்கரை உள்ளவர்களை வருஷத்துக்கு ஒருமுறை கண்ணைக் காட்டச் சொல்வதில் இப்படியும் ஒரு நன்மை இருக்கிறது.

அத்தா கேட்ட முதல் கேள்வி, "ராத்திரி முழுக்கத் தச்சதுனால வந்துச்சா?" என்பது. இல்லை என்று டாக்டர் திட்டவட்டமாகச் சொன்னார். தையலோ செல்போனோ குறைந்த வெளிச்சமோ இந்தக் கட்டியை உண்டாக்குவதில்லை. அந்த ஒரு பதிலுக்காகவே அந்த டாக்டருக்கு நான் நன்றியோடு இருக்கிறேன். ஒரு தொழிலாளி தன் உழைப்பையே குற்றவாளியாக்கிக்கொண்டு மிச்ச வாழ்நாளை ஓட்டுவது கொடுமை.

சதையெடுத்துப் பரிசோதிக்காமல் கண்ணை எப்படி எடுக்கலாம் என்று மாமு வாதாடினார். மற்ற புற்றுநோய்களில் நியாயமான கேள்விதான். கண் மெலனோமாவில் அனுபவமுள்ள டாக்டரின் கண்ணும் அல்ட்ராசவுண்டும் சேர்ந்தாலே போதும் என்பது பல காலமாக நிரூபணமான விஷயம். அமெரிக்காவில் 1986இல் தொடங்கிய காம்ஸ் என்ற பெரிய ஆய்வில், இப்படிக் கண்டறிந்து எடுத்த கண்களைப் பிறகு நுண்ணோக்கியில் பார்த்தபோது 99 சதவீதத்துக்கு மேல் சரியாகவே இருந்தது.

கண்ணைக் காப்பாற்றுகிற வழியும் இருக்கிறது. சின்ன, நடுத்தரக் கட்டிகளுக்குக் கதிர்த்தகடு வைக்கிறார்கள். காசளவு குழிந்த உலோகத் தகட்டில் ருத்தீனியம் 106 அல்லது அயோடின் 125 இருக்கும். கட்டி இருக்கும் இடத்துக்கு நேர் வெளியே, கண்ணின் வெள்ளைச் சுவரில் அதை வைத்துத் தைத்துவிட்டு, சில நாள் கழித்து எடுத்துவிடுவார்கள். இந்த ருத்தீனியம் தகடுகளை நம் பாபா அணு ஆராய்ச்சி மையமே, அணுக்கழிவிலிருந்து ருத்தீனியத்தைப் பிரித்தெடுத்துச் செய்கிறது. அதே காம்ஸ் ஆய்வு, நடுத்தரக் கட்டி உள்ளவர்களை இரண்டு பிரிவாக்கி ஒரு பிரிவுக்குக் கண்ணை எடுத்தும் இன்னொன்றுக்கு அயோடின் தகடு வைத்தும் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தது. உயிர் பிழைப்பதில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

இந்த முடிவை நான் முதலில் படித்தபோது தகடு நல்ல சிகிச்சை என்பதோடு நின்றுவிட்டேன். அதற்குள் இன்னொரு செய்தி இருக்கிறது. கண்ணை முழுவதுமாக எடுத்துக்கொண்டவர்கள்கூட, கண்ணை விட்டுவைத்தவர்களைவிடக் கூடுதலாகப் பிழைக்கவில்லை. அப்படியென்றால் உயிருக்கு ஆபத்தான சமாசாரம் ஆபரேஷனுக்கு முன்பே கண்ணைவிட்டுக் கிளம்பியிருக்கிறது. சொந்தக்காரர்களின் கேள்விக்கான பதில் இங்கேதான் தொடங்குகிறது. அதற்கு வருகிறேன்.

அத்தாவின் கட்டி தகட்டுக்கு மிகப் பெரியது. எடுப்பதுதான் வழி. மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பு இடது புருவத்துக்கு மேல் மையால் அடையாளம் போட்டார்கள். மேஜையில் படுக்கவைத்த பிறகும் ஒருமுறை பாப்பாவை விரித்து, கட்டி இந்தக் கண்ணில்தான் இருக்கிறது என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொண்டுதான் கத்தியை எடுப்பார்களாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு கண்ணும் ஒரே மாதிரிதானே இருக்கின்றன! இந்த ஜாக்கிரதையைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

கருவிழியைச் சுற்றி, வெள்ளைச் சுவரின் மேலிருக்கிற மெல்லிய சவ்வை வட்டமாக வெட்டி விலக்குகிறார்கள். விழியை அசைக்கிற ஆறு தசைகளையும் ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார்கள். கட்டி இருக்கிற கண்ணை அமுக்கக் கூடாது, இழுக்கக் கூடாது. எல்லாம் மெதுவாக நடக்க வேண்டும். கடைசியாகப் பார்வை நரம்பை வெட்டி விழியை முழுசாக எடுக்கிறார்கள். அந்தக் குழியில் 20 மில்லிமீட்டர் அளவில் ஒரு பந்தை வைத்து, பிரித்த தசைகளை இணைத்து, மேலே அடுக்கு அடுக்காகத் தைக்கிறார்கள். பந்து வைக்கவில்லை என்றால் குழி உள்வாங்கி முகமே மாறிவிடும். தசைகள் பிடித்துக்கொள்வதால் பிற்பாடு வைக்கிற செயற்கைக் கண்ணும் ஓரளவு அசையும். அத்தாவுக்கு வெளியே கொண்டுவந்த பிறகு இரண்டு நாள் வாந்தியும் தலைவலியும் இருந்தது. குனியக் கூடாது என்றதால் சில வாரம் நாற்காலியில் உட்கார்ந்தே தொழுதார். அதுதான் அவருக்கு வலியைவிடப் பெரிய வருத்தம்.

பார்வை போய் வலியெடுக்கிற கண்ணுக்கு வேறொரு ஆபரேஷன் உண்டு. வெள்ளைச் சுவரை விட்டுவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் வழித்தெடுப்பது, எவிசரேஷன். உள்ளே கட்டி இருக்கிற கண்ணில் அதைச் செய்தால் புற்றுச் செல்கள் குழியெல்லாம் சிதறிவிடும். அதனால் பல வருஷமாகப் பார்வை இல்லாத கண்ணாக இருந்தாலும், உள்ளே எட்டிப் பார்க்க முடியாதபடி மங்கியிருந்தால் முதலில் பி ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். உங்கள் வீட்டுப் பெரியவர் யாருக்காவது அப்படி ஆபரேஷன் சொல்லியிருந்தால், ஸ்கேன் எடுத்தாயிற்றா என்று தயங்காமல் கேளுங்கள்.

ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி அத்தா என்னிடம் மெல்லக் கேட்டார்: "எடுத்த கண்ண நம்மகிட்டக் குடுப்பாகளாம்மா? அடக்கம் பண்ணணுமே." உடம்பிலிருந்து பிரிந்த உறுப்பை மண்ணில் சேர்ப்பது எங்கள் வழக்கம். நான் லேபில் இருப்பவள் என்பதால் அந்தக் கண் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். ஃபார்மலினில் போட்டு நோய்க்கூறு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். மெழுகுக் கட்டியாக்கி, மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றிப் பார்ப்பார்கள். செல்கள் கதிர்போல நீண்டவையா, எபிதீலியாய்டு என்கிற பருத்த வகையா; கட்டி கண்சுவரைத் தாண்டி வெளியே வந்திருக்கிறதா; முன்பக்கம் சிலியரிப் பகுதியைத் தொட்டிருக்கிறதா; இதெல்லாம் பார்த்துதான் இனி எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று சொல்வார்கள். மாமு பள்ளிவாசல் இமாமிடம் கேட்டார். நோய்க்காகப் பரிசோதனைக்குப் போவதில் தடையில்லை என்றார் அவர். அதன் பிறகே அத்தா தூங்கினார்.

அதே வார்டில் சின்னப் பிள்ளைகளும் இருந்தார்கள். பிள்ளைகளுக்கு வருவது வேறு நோய். ரெட்டினோபிளாஸ்டோமா, விழித்திரையில் வருவது. சுமார் 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்று. 13ஆம் குரோமோசோமில் இருக்கிற ஆர்பி1 என்ற மரபணு கெடுவதால் உண்டாகிறது. கண் பாப்பாவுக்குள் வெள்ளையாக ஒரு பளபளப்பு தெரியும். ஃப்ளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் ஒரு கண் சிவப்பாகவும் இன்னொன்று வெள்ளையாகவும் விழும். ‘பூனைக்கண்ணு மாதிரி மின்னுது’ என்று ஊரில் சொல்வார்கள். அதை அதிர்ஷ்டம் என்றோ வளர்ந்தால் சரியாகும் என்றோ விட்டுவிடாதீர்கள், அந்த வாரமே காட்டுங்கள். மாறுகண்ணும் இதன் அறிகுறியாக இருக்கலாம். சீக்கிரம் வந்தால் கீமோ, லேசர் கொடுத்துக் கண்ணையே காப்பாற்ற முடிகிறது. தாமதமாக வந்தால் கண்ணை எடுத்து உயிரைக் காப்பாற்றலாம். இன்னும் தாமதித்தால் நரம்பு வழியே மூளைக்கு ஏறிவிடும். இந்த நோயில் ரத்தப் பரிசோதனையின் வேலையும் வேறு. கெட்ட மரபணு பிறவியிலேயே இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்த்து, இருந்தால் கூடப்பிறந்த பிள்ளைகளின் கண்ணையும் பரிசோதிக்கிறார்கள்.

அத்தாவிடம் திரும்புகிறேன். குழி ஆறுவதற்கு ஆறேழு வாரமானது. பிறகு செயற்கைக் கண். குழியில் பசைபோன்ற ஒன்றை ஊற்றி அச்செடுத்து, மெழுகில் மாதிரி செய்து பார்த்து, கடைசியில் அக்ரிலிக்கில் வார்க்கிறார்கள். கருவிழியை, எதிரே உட்கார்ந்திருக்கிறவரின் நல்ல கண்ணைப் பார்த்துப் பார்த்துக் கையால் வரைகிறார்கள். வெள்ளைப் பகுதியில் ரத்தநாளம் தெரிய வேண்டுமே, அதற்குச் சிவப்பு நூலை இழை இழையாகப் பிரித்து ஒட்டுகிறார்கள். அத்தா அந்த நூலை வாங்கி விரலில் நிமிண்டிப் பார்த்தார். "பட்டு" என்றார். அப்புறம் அந்தத் தம்பி ஒட்டியதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ரெண்டு இழையக் கொறைங்க தம்பி. ரம்ஜான் நேரத்துல விடிய விடியத் தச்சவன் கண்ணு மாதிரி இருக்கு" என்றார். நோய் வந்த பிறகு அவர் தன் தொழிலின் குரலில் பேசியது அன்றுதான்.

ஒற்றைக் கண்ணில் ஆழம் தெரியாது. ஊசிக்காதுக்கு முன்னால் நூல் போகும், பின்னால் போகும், உள்ளே போகாது. அத்தா தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தார். நூல் நுனியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே மறைகிற மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஊசிக்காதை அதன் மேல் இறக்குவார். பார்வை செய்த வேலையை விரல் செய்துவிடும். டீ ஊற்றும்போது கெட்டிலின் மூக்கை டம்ளர் விளிம்பில் தொட்டுக்கொள்வார். தெற்கு மாசி வீதியைக் கடக்கும்போது இடது பக்கம் முழுத் தலையையும் திருப்பிப் பார்க்கப் பழகினார். சில மாதத்தில் மூளை பழகிக்கொள்கிறது. இருக்கிற ஒரு கண்ணுக்கு அடிபடாமல் இருக்க, பவர் தேவையோ இல்லையோ, உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி எப்போதும் போட்டிருக்க வேண்டும். மிஷின் ஊசி உடைந்து தெறிக்கிற தொழிலில் இருப்பவருக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை.

இனி ஈரல்.

உடம்பின் மற்ற இடங்களில் புற்றுநோய் பரவும்போது பெரும்பாலும் முதலில் நெறிகட்டும். கண்ணுக்குள் நிணநீர்க் குழாய்கள் இல்லை. அதனால் மெலனோமா செல்கள் ரத்தத்தில்தான் ஏறுகின்றன, போய் இறங்குகிற இடம் அநேகமாகக் கல்லீரல். பரவிய நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு ஈரலில் இருக்கிறது. காம்ஸ் ஆய்வில் சேர்ந்தவர்களில் ஐந்து ஆண்டுக்குள் 25 சதவீதம் பேருக்கும், பத்து ஆண்டுக்குள் 34 சதவீதம் பேருக்கும் நோய் பரவியது. பெரிய கட்டிகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். பத்து, பதினைந்து வருஷம் கழித்துத் தலைகாட்டியதும் உண்டு. கண்ணைவிட்டுக் கிளம்பிய செல்கள் ஈரலில் அசையாமல் வருஷக்கணக்கில் படுத்துக் கிடக்கும். இதனால்தான் வயிற்றை ஸ்கேன் எடுக்கிறார்கள்.

அப்படியென்றால் ரத்தத்தில் பார்த்தால் தெரியாதா? என்னிடம் ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் எல்லோரும் நம்புவது இதைத்தான்: உடம்பில் எது இருந்தாலும் ரத்தம் காட்டிக்கொடுத்துவிடும். வருஷக்கணக்காக ஊசி பிடித்தவளாகச் சொல்கிறேன், ரத்தம் நிறையச் சொல்லும், ஆனால் நாம் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்லும்.

எல்எஃப்டி என்று நீங்கள் எடுக்கிற ஈரல் பரிசோதனையில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, அல்கலைன் பாஸ்படேஸ், ஜிஜிடி, பிலிருபின் இருக்கும். கண் மெலனோமாக்காரர்களுக்கு எல்டிஹெச் சேர்த்துப் பார்ப்பார்கள். இவை எல்லாமே ஈரல் செல் உடைந்தாலோ பித்தம் தடைபட்டாலோ ஏறுகிறவை. ஈரல் மிகப் பெரிய உறுப்பு. அங்கங்கே சின்னச் சின்னப் புள்ளிகளாகக் கட்டி இருந்தாலும் மிச்ச ஈரல் தன் வேலையை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருக்கும். ரிப்போர்ட்டில் எல்லாம் நார்மல் என்றே வரும். பரவியவர்களில் எத்தனை பேரை ரத்தப் பரிசோதனை முன்கூட்டியே காட்டிக்கொடுத்தது என்று காம்ஸ் ஆய்வில் கணக்கெடுத்தபோது, ஏறக்குறைய 15 சதவீதம்தான் தேறியது. நூறு பேரில் எண்பத்தைந்து பேர் நார்மல் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்கள் என்று அர்த்தம்.

மறுபக்கம் வீண் பயமும் உண்டு. நம் ஊரில் சர்க்கரையும் கொழுப்பு ஈரலும் சர்வசாதாரணம். இரண்டிலும் ஜிஜிடி, எஸ்ஜிபிடி ஏறும். எல்டிஹெச் அதைவிட மோசம். ஒருமுறை அத்தாவுக்கு நரம்பு சரியாகக் கிடைக்காமல் ரத்தம் சொட்டுச் சொட்டாக வந்தது. சுழற்றி எடுத்த சீரம், அதாவது ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி, வெளிர்மஞ்சளாக இருக்க வேண்டியது, ரோஜா நிறத்தில் இருந்தது. சிவப்பணுக்கள் உடைந்திருக்கின்றன. அவற்றுக்குள் எல்டிஹெச் ஏராளம் இருப்பதால் அளவு எகிறி வரும் என்று தெரிந்தே ஓட்டினேன், அப்படியே வந்தது. உடனே மறுகையில் எடுத்து ஓட்டியபோது சரியாக இருந்தது. அந்த இடைப்பட்ட நேரத்தில், காரணம் தெரிந்திருந்தும், என் கை நடுங்கியது. காரணம் தெரியாத ஒரு குடும்பம் அந்த எண்ணோடு ஒரு வாரம் வாழ வேண்டியிருந்தால் என்ன பாடுபடும்? எல்டிஹெச் மட்டும் தனியாக ஏறியிருந்தால், லேபில் ‘சாம்பிள் உடைந்திருந்ததா’ என்று கேளுங்கள். முடிந்தவரை ஒரே லேபில் எடுங்கள். லேபுக்கு லேப் முறை மாறும், நார்மல் அளவும் மாறும். உங்களின் பழைய எண்ணோடு புது எண்ணை ஒப்பிட்டால்தான் ஏறுமுகமா என்று தெரியும்.

‘கேன்சர் மார்க்கர் பேக்கேஜ்’ என்று விளம்பரம் செய்கிறார்களே, அதைப் பற்றி எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. சிஇஏ, சிஏ 125, பிஎஸ்ஏ எல்லாம் குடல், சினைப்பை, ஆண்களின் புராஸ்டேட் போன்றவற்றுக்கு உரியவை. கண் மெலனோமாவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. அந்தப் பணத்தை ஒரு நல்ல ஈரல் ஸ்கேனுக்குச் செலவிடுங்கள். எஸ்100பி, எம்ஐஏ, ஆஸ்டியோபான்டின் என்று சில புரதங்களை இந்த நோய்க்காக ஆராய்ச்சியில் பார்த்திருக்கிறார்கள், பரவியவர்களிடம் கூடுகிறது. ஆனால் ஸ்கேனை விட்டுவிட்டு அதை மட்டும் நம்பலாம் என்கிற நிலைக்கு எதுவும் வரவில்லை.

எனக்கு நிஜமான நம்பிக்கை தருவது வேறொன்று. 2009இல் கண் மெலனோமாவில் ஜிஎன்ஏக்யூ என்ற மரபணு மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டே அதன் சகோதர மரபணு ஜிஎன்ஏ11. பெரும்பான்மைக் கட்டிகளில் இந்த இரண்டில் ஒன்று, அதுவும் அநேகமாக ஒரே குறிப்பிட்ட இடத்தில், மாறியிருக்கிறது. கட்டியின் செல்கள் சாகும்போது அவற்றின் டிஎன்ஏ துண்டு துண்டாக ரத்தத்தில் கலக்கும். மரபணுவில் எந்த எழுத்து மாறியிருக்கும் என்று முன்னமே தெரிந்திருப்பதால், ரத்தத்தில் அந்த எழுத்தை மட்டும் தேடலாம். இதை அத்தாவுக்கு நான் இப்படித்தான் விளக்கினேன்: மிஷினுக்கு அடியில் விழுந்து கிடக்கிற வெட்டுத்துண்டைப் பார்த்தே மேலே என்ன துணி தைக்கிறார்கள் என்று நீங்கள் சொல்லிவிடுவீர்களே, அதுமாதிரி. "அப்ப துண்டு விழுகலைன்னா?" என்று கேட்டார். சரியான கேள்வி. கட்டி மிகச் சின்னதாக இருக்கும்போது துண்டுகளும் மிகக் குறைவு. டிஜிட்டல் பிசிஆர் என்ற முறையில் சாம்பிளை சுமார் 20,000 நுண்துளிகளாகப் பிரித்து ஒவ்வொரு துளியிலும் தேடினாலும் கிடைக்காமல் போகலாம். கிடைத்தால் அர்த்தமுண்டு, கிடைக்கவில்லை என்றால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை.

இந்தப் பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பதிலும் பக்குவம் வேண்டும். சாதாரண ஊதாமூடிக் குழாயில் எடுத்துவிட்டு மறுநாள் வரை வைத்தால் வெள்ளணுக்கள் உடைந்து அவற்றின் டிஎன்ஏ வெள்ளமாகக் கலந்துவிடும், தேடுகிற துண்டு அதில் முங்கிப்போகும். சில மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவை, அதாவது செல்கள் நீங்கிய நீர்ப்பகுதியை, பிரிக்க வேண்டும். அல்லது செல்கள் உடையாமல் காக்கிற சிறப்புக் குழாயில் எடுத்து அனுப்ப வேண்டும். எங்கள் மாதிரிச் சின்ன லேபில் பரிசோதனை முடியாது, ஆனால் ரத்தத்தைக் கெடாமல் எடுத்து அனுப்ப முடியும். அதைச் சரியாகச் செய்வது ஒரு டெக்னீஷியன் நோயாளிக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி.

நோய் பரவியவர்களிடம், ரத்தத்தில் கட்டியின் டிஎன்ஏவைத் தேடுவதன் பயன் இன்னும் தெளிவு. டெபென்டாஃபஸ்ப் என்ற மருந்தை 2022 ஜனவரியில் அமெரிக்காவில் அங்கீகரித்தார்கள். பரவிய கண் மெலனோமாவில் ஆயுளைக் கூட்டுகிறது என்று நிரூபித்த முதல் மருந்து. ஆய்வில் ஓராண்டு உயிரோடிருந்தவர்கள் அந்த மருந்தில் 73 சதவீதம், மற்ற சிகிச்சையில் 59. ஹெச்எல்ஏ ஏ 02:01 என்ற திசுவகை உள்ளவர்களுக்கு மட்டுமே அது வேலை செய்யும், அந்த வகையைக் கண்டுபிடிப்பதும் ரத்தத்தில்தான். அந்த மருந்து எடுத்தவர்களில், ஸ்கேனில் கட்டி சுருங்காமல் இருந்தும் ரத்தத்தில் கட்டியின் டிஎன்ஏ குறைந்தவர்கள் நீண்டநாள் இருந்தார்கள். ஸ்கேனுக்கு முன்பே ரத்தம் பேசிய இடம் அது.

இன்றைக்கு, மதுரையில் ஒரு தையல்காரர் குடும்பம் செய்யக்கூடியது ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈரல் ஸ்கேன். ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு ஆயுள் முழுக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் என்று 2015இல் வந்த பிரிட்டனின் வழிகாட்டுதல்கள் சொல்லின. கொழுப்பு ஈரல் இருந்தால் அல்ட்ராசவுண்டில் சின்னப் புள்ளி மறைந்துவிடும், எம்ஆர்ஐ தெளிவாகக் காட்டும். எங்களுக்கு இரண்டையும் மாற்றி மாற்றி எடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ஏதாவது புள்ளி தெரிந்தால் உடனே நொறுங்க வேண்டாம், ஹீமான்ஜியோமா என்ற தீங்கில்லாத ரத்தக்குழாய்த் திரட்டு பலர் ஈரலில் இருக்கிறது. மெலனோமாவே என்றாலும், ஒன்றிரண்டாக இருக்கும்போது பிடித்தால் அந்தப் பகுதியை வெட்டியெடுக்க வாய்ப்புண்டு. ஈரல் முழுக்கப் பரவி, மஞ்சள்காமாலை வந்து, ரத்த ரிப்போர்ட்டில் எல்லாம் ஏறிய பிறகு அந்த வாய்ப்பு இருக்காது.

கடைசியாக ஒரு காரியம், பலர் விட்டுவிடுவது. எடுத்த கண்ணின் மெழுகுக் கட்டி ஆய்வகத்தில் இருக்கிறது. பிஏபி1 என்ற புரதம் அந்தக் கட்டியில் இருக்கிறதா இல்லையா என்று சாயமேற்றிப் பார்க்கலாம். மரபணுப் பரிசோதனை அளவுக்குச் செலவில்லை. அது காணாமல் போயிருந்தால் பரவும் ஆபத்து அதிகம், ஸ்கேன் அடிக்கடி வேண்டும். ஜிஎன்ஏக்யூவா ஜிஎன்ஏ11ஆ என்பதையும் அதே கட்டியிலிருந்து எப்போது வேண்டுமானாலும் பார்க்க முடியும். ஆய்வகங்கள் மெழுகுக் கட்டிகளை என்றைக்கும் வைத்திருக்க மாட்டார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போதே நோய்க்கூறு ரிப்போர்ட்டின் எண்ணைக் குறித்துக்கொண்டு, மெழுகுக் கட்டியை எத்தனை வருஷம் வைத்திருப்பீர்கள், எழுதிக் கொடுத்தால் எங்களிடம் தருவீர்களா என்று கேளுங்கள். நாங்கள் கேட்டு வாங்கினோம். அத்தாவின் ஃபைலில் ஸ்கேன் ரிப்போர்ட்டுகளோடு, ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில், வெயில் படாத அலமாரியில் இருக்கிறது.